தேவ்லாலி வாத்தியாரும் பதினேழு இலக்க எண்ணும்

ராமானுஜன் என்றதும் நம் வீட்டுக் குழந்தைகள்கூட 1729 என்று சொல்லிவிடுவார்கள். தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அவர் 1905ஆம் வருஷம் ஜனவரி 17ந் தேதி, பம்பாய்க்கு வடக்கே தஹாணுவில் பிறந்தார். எட்டு வயதில் தாயாரை இழந்தார். தகப்பனார் குமாஸ்தா, ஜோதிடத்தில் மிகுந்த ஈடுபாடுள்ளவர். தாணேயில் பள்ளிப் படிப்பு, பூனா பெர்குஸன் கல்லூரியில் படித்து 1929ல் பி.எஸ்ஸி. பட்டம். அதற்கு மேல் படிக்கவில்லை. 1930 முதல் 1962 வரை நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தார்.

அந்நாளைய ஜி.ஐ.பி. ரயில்வேயில், பம்பாயிலிருந்து சுமார் 30 மைலில் டெம்லோ என்று ஒரு ஸ்டேஷன், இன்றைய டோம்பிவலி. அங்கே தோன்றிய யோசனையைத் தொடர்ந்து ஆராய்ந்து, அவ்வகை எண்களுக்கு ஸ்டேஷனின் பெயரையே வைத்தார். அவற்றில் அழகானவை சில உண்டு. 11ஐ 11ஆல் பெருக்கினால் 121. 111ஐ 111ஆல் பெருக்கினால் 12321. இப்படியே ஒன்பது ஒன்றுகள் வரை போனால் 12345678987654321. ஏறின படியிலேயே இறங்குகிறது!

இதன் இலக்கங்களைக் கூட்டினால் 81. அந்த 81ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஈவு, 12345679இன் வர்க்கம். காரணம் எளிது. ஒன்பது ஒன்றுகளின் கூட்டுத்தொகை 9. ஆகவே அந்த எண் 9ஆல் வகுபடும், அதன் வர்க்கம் 81ஆல் வகுபடும். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்குக் காப்ரேகர் சூட்டிய பெயர் ஹர்ஷத், அதாவது ஆனந்தம் அளிப்பது.

1949ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் 6174இன் விசேஷத்தை வெளியிட்டார். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். முன்னால் வரும் பூஜ்யத்தை விடக் கூடாது. வந்த விடையில் மறுபடி அதையே செய்தால், ஏழு தடவைக்குள் 6174 வந்துவிடும். அவர் பிறந்த 1905க்குச் சரியாக ஏழு தடவை ஆகிறது.

நம் நாட்டுக் கணித அறிஞர்கள் பலர் இதையெல்லாம் விளையாட்டென்று ஒதுக்கினார்கள். அவர் சிறு புத்தகங்களாகத் தாமே அச்சிட்டு வந்தார். 1975ல் மார்ட்டின் கார்ட்னர் சயன்டிபிக் அமெரிக்கன் பத்திரிகையில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது 70. பென்ஷன் போதாமல் ட்யூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1986ல் காலமானார்.

அடியேனும் பி.எஸ்ஸி.தான். சர்க்கார் கோப்புகளில் முப்பது வருஷத்துக்கு மேல் எண்களோடுதான் காலம் தள்ளினேன். சம்பளத் தேதியைத் தவிர எந்த எண்ணும் எனக்கு ஹர்ஷத்தாக இருந்ததில்லை. பேரக்குழந்தைகள் லீவுக்கு வரும்போது, பென்சிலும் காகிதமும் கொடுத்து, அவரவர் பிறந்த வருஷத்துக்கு 6174 எத்தனையாவது தடவையில் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கூடவே காப்ரேகர் பெயரையும் சொல்லிவையுங்கள்.