வேலூரில் வேர் விட்ட குடும்பம்: டாக்டர் ஐடா அம்மையாரின் வாழ்க்கை

சனத்நகரில் வேலை செய்யும் தமிழர்களிடம் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் அடிக்கடி கேட்கும் விசாரணை ஒன்று உண்டு. வேலூருக்கு எந்த ரயிலில் போவது, காட்பாடியில் இறங்கினால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், தங்க இடம் கிடைக்குமா என்பதே அது. செகந்திராபாத்திலிருந்து காட்பாடி வழியாகப் போகும் ரயில்களில் எக்ஸ்ரே உறையும் மருந்துச் சீட்டுமாக உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை எளிதாக அடையாளம் கண்டுகொள்ளலாம். காட்பாடி சந்திப்பில் இறங்கி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, அவர்கள் போய்ச் சேரும் இடம் சி.எம்.சி. ஆஸ்பத்திரி.

அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் இளவயதில் அவர், என்ன நேர்ந்தாலும் இந்தியாவில் மிஷன் ஊழியம் செய்வதில்லை என்று உறுதி பூண்டிருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வெறுப்புக்குக் காரணம் இருந்தது. அதை அறிய வேண்டுமானால் அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கப்பலேறிய டாக்டர்

பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர், 1793-ல் அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்தில் பிறந்தவர். நியூயார்க் நகரில் நல்ல வரும்படியுடன் வைத்தியத் தொழில் செய்துவந்தார். ஒரு நாள், நோயாளியைப் பார்க்கப் போன வீட்டில் காத்திருந்த நேரத்தில், கீழ்நாடுகளில் ஊழியம் செய்ய ஆள் வேண்டும் என்று வற்புறுத்தும் சிறு பிரசுரம் ஒன்று அவர் கையில் அகப்பட்டது. அதைப் படித்தவருக்குத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. 1819 ஜூன் மாதம் மனைவி ஹாரியட்டையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலேறிவிட்டார்.

நான்கு மாதக் கடல் பிரயாணம். கல்கத்தாவில் இறங்கிய சில நாட்களிலேயே குழந்தை இறந்துவிட்டது. அந்தத் துக்கத்தோடுதான் தம்பதியர் இலங்கைக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கித் தமிழ் கற்று, வைத்தியமும் பள்ளிக்கூடமுமாக வேலையைத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து கீழ்நாட்டுக்கு வந்த மிஷனரி டாக்டர்களில் முதல்வர் அவரே. 1836-ல் சென்னைப் பட்டணத்துக்கு மாற்றலாகி வந்தார். உடன் வந்தவர் பின்னாளில் தமிழ் அகராதியால் பெயர் பெற்ற வின்ஸ்லோ பாதிரியார்.

ஹாரியட் அம்மாள் 1849-ல் சென்னையில் காலமானார். உடல்நலம் குன்றிய டாக்டர் ஜான், காற்று மாற்றத்துக்காகத் தென்னாப்பிரிக்கா சென்ற இடத்தில் 1855 ஜனவரியில் உயிர் நீத்தார். இருவரும் பிறந்த மண்ணுக்கு அப்பால்தான் கண் மூடினார்கள். ஆனால் அவர்களுடைய ஏழு மகன்கள் இதே நாட்டுக்கு ஊழியத்துக்கு வந்தார்கள். மூத்தவர்கள் சேர்ந்து 1853-ல் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் சைலஸ் 1866-ல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி திறந்தார்.

பிள்ளைகள் பட்ட பாடு

இந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு வேதனையும் உண்டு. அக்காலத்து மிஷனரிகள் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே படிப்புக்காகத் தாய்நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பண்டத்தரிப்பில் 1822-ல் பிறந்த மூத்த மகன் ஹென்றி மார்ட்டின், பத்து வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். பெற்றோரின் முகம் நினைவில் மங்கிவிடும். ஊரில் பாட்டி வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு இங்கே ஷிப்ட் பார்க்கும் பெற்றோருக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

ஐடாவுக்கும் அதுதான் நேர்ந்தது. அவருடைய தந்தை, தாத்தாவின் பெயரையே கொண்ட ஜான், இலங்கையில் பிறந்தவர். தாய் சோபியா. தம்பதியர் 1861-ல் ஆற்காடு மிஷனுக்கு வந்தார்கள். 1870 டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். ஐந்து அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்த ஒரே பெண் குழந்தை.

ஆறேழு வயதில் அந்தக் குழந்தை கண்ட காட்சி தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே உலுக்கிய பஞ்சம் அது. தந்தை நிவாரண வேலையில் இருந்தார். பசியால் எலும்பும் தோலுமான குழந்தைகளுக்குத் தன் கையால் உணவு ஊட்டியதையும், சாலையோரம் பிணங்கள் கிடந்ததையும் ஐடா மறக்கவில்லை.

பஞ்சம் தணிந்தபின் உடல் தளர்ந்த குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் தந்தை மட்டும் மீண்டும் இந்தியாவுக்குக் கிளம்பினார். பிறகு தாயும் போக வேண்டியதாயிற்று. ஐடாவைச் சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுச் சென்றார். தாய் புறப்பட்ட இரவு, அவருடைய தலையணையில் முகம் புதைத்து விடியும்வரை சிறுமி அழுததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் சொல்லப்படுகிறது. பெற்றோரைத் தன்னிடமிருந்து பறித்த தேசம் என்றுதான் இந்தியாவை அவர் எண்ணினார். மேல்படிப்பு முடித்து அமெரிக்காவிலேயே சுகமாக வாழ்வது என்று தீர்மானித்தார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890-ல் தாய்க்கு உடல்நிலை மோசம் என்று செய்தி வந்தது. திண்டிவனத்தில் பெற்றோர் இருந்த பங்களாவுக்கு ஐடா வந்து சேர்ந்தார். தாய் தேறியதும் திரும்பிவிடுவது என்றே வந்தார்.

அங்கே ஓர் இரவு கதவு தட்டும் ஓசை கேட்டது. வாசலில் ஒரு பிராமண இளைஞர் நின்றார். மனைவி சிறுபெண், பிரசவத்தில் தவிக்கிறாள், வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார். ஐடா தந்தையைக் காட்டினார். அந்நிய ஆடவர் தன் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கில்லை என்று இளைஞர் போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் கனவான் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு இன்னொரு சாதி இந்து வந்தார். அவரும் வெறுங்கையோடு திரும்பினார். ஐடாவோ வைத்தியம் படிக்காதவர். போயும் பயனில்லை.

விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. வேலையாளை விட்டு விசாரித்தபோது, மூன்று பெண்களும் அந்த இரவிலேயே இறந்துவிட்டது தெரிந்தது. அன்று முழுவதும் அறையை விட்டு வெளியே வராத ஐடா, முடிவில் பெற்றோரிடம் வந்து, தான் டாக்டருக்குப் படித்துத் திரும்பப் போவதாகத் தெரிவித்தார்.

இந்த நிகழ்ச்சியைப் பலர் அற்புதம் போலச் சொல்வதுண்டு. ஆனால் அந்த மூன்று சாவுக்கும் காரணம் மருந்து இல்லாமை அல்ல. மருந்தும் இருந்தது, டாக்டரும் இருந்தார். பெண்ணைத் தொட்டுப் பார்க்கப் பெண் டாக்டர் இல்லை என்பதே குறை. ஐடா அம்மையார் செய்த எல்லாக் காரியங்களும் அந்த ஒரு குறையைத் தீர்க்கக் கிளம்பியவை.

பத்தடி அறையில் வைத்தியம்

பிலடெல்பியாவில் பெண்கள் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு நியூயார்க்கில் கார்னெல் வைத்தியக் கல்லூரிக்கு மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரி பெண்களுக்குப் பட்டம் கொடுத்த முதல் ஆண்டு அதுதான். புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டினார். ஷெல் என்னும் நியூயார்க் பாங்கி அதிபர், காலஞ்சென்ற தம் மனைவி மேரி டேபரின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்.

1900-ம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்தார். அருகிலிருந்து தொழில் பழக்குவார் என்று நம்பியிருந்த தந்தை அதே ஆண்டு காலமாகிவிட்டார். ஆனாலும் ஐடா திரும்பிப் போகவில்லை. வேலூர் வீட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் வைத்தியம் ஆரம்பித்தார். முதலில் ஜனங்கள் தயங்கினார்கள். பெண் டாக்டர் என்பதே அவர்களுக்குப் புதுமை. சமையற்காரரின் மனைவி சலோமிதான் உதவியாள். ஒருவருக்குக் குணமானதும் பத்துப் பேர் வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளைப் பார்த்தார். 1902-ல் நாற்பது படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி மாட்டு வண்டியில் போனார். 1909-ல் பிரெஞ்சு மோட்டார் கார் ஒன்று கிடைத்தது. குதிரையும் மாடும் இல்லாமல் ஓடும் வண்டியைப் பேய் வண்டி என்று கருதிக் கிராமத்தார் ஓடினார்களாம். பிறகு குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் அந்த வண்டிக்காகவே கூட்டம் காத்திருந்தது. இந்த மரத்தடி வைத்தியம் தொடர்ந்து பல்லாண்டு நடந்தது.

தானே எத்தனை பேரைப் பார்த்தாலும் போதாது, இந்நாட்டுப் பெண்களையே டாக்டர்களாகவும் நர்ஸ்களாகவும் ஆக்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1918 ஆகஸ்டில் பெண்கள் வைத்தியப் பள்ளியைச் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு திறந்து வைத்தார். சில புத்தகங்களும் ஒரு மைக்ராஸ்கோப்பும் கொஞ்சம் எலும்புகளுமே ஆரம்ப மூலதனம். அரசாங்கப் பரீட்சைக்குப் போனபோது பெண்களால் முடியுமா என்று அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். மாகாணத்தில் ஆண்களில் ஐந்தில் ஒருவர் தேறிய அந்தப் பரீட்சையில், வேலூர்ப் பெண்கள் 14 பேர் எழுதி 14 பேரும் தேறினார்கள்.

எழுபது வயதில் சோதனை

சிறு வயதில் ஐடாவைப் பிரிந்து சென்ற தாய் சோபியா அம்மாள், கணவர் மறைந்தபின் மகளிடமே வேலூரில் வந்து தங்கினார். ஒன்றிரண்டு ஆண்டு அல்ல, கால் நூற்றாண்டு. 1925-ல் காலமாகும்வரை மகளின் வீட்டுப் பொறுப்பு அவருடையது. தாயைப் பிரிந்து சிகாகோவில் இருந்த நாட்களுக்கு ஈடாக, அந்தத் தாயின் முதுமை முழுவதும் மகளுக்குக் கிடைத்தது.

1938-ல் பெரிய சோதனை வந்தது. டிப்ளமோ படிப்பு இனி செல்லாது, எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்தினால்தான் பள்ளி நடக்கலாம் என்று மாகாண அரசு உத்தரவிட்டது. அதற்கு வேண்டிய படுக்கைகளும் பேராசிரியர்களும் பணமும் வேலூரில் இல்லை. எழுபது வயதில் ஐடா அம்மையார் அமெரிக்காவுக்குப் பயணமானார். அது உலக யுத்த காலம். ஊர் ஊராகச் சென்று பேசிப் பணம் சேர்த்தார். ஆண்களையும் சேர்த்தால்தான் கல்லூரி பிழைக்கும் என்ற யோசனை வந்தபோது, பெண்களுக்காகக் கொடுத்த பணம் என்று நெடுநாள் ஆதரவாளர்களே எதிர்த்தார்கள். இருபுறமும் பேச்சுக் கேட்டும் அவர் நிதானம் இழக்கவில்லை. 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள்.

கைமாறிய பொறுப்பு

அவருடைய அண்ணன் மகள், அத்தையின் பெயரையே கொண்ட இன்னொரு டாக்டர் ஐடா, வேலூரில் எக்ஸ்ரே பிரிவை வளர்த்தவர். நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் இந்நாட்டில் ஊழியம் செய்ததாகக் கணக்கு. இத்தனை பேர் இருந்தும் ஆஸ்பத்திரி குடும்பச் சொத்தாக ஆகவில்லை. நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் தலைமைப் பொறுப்பு, விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையாரிடம் வந்தது. அந்த ஸ்தாபனத்தின் முதல் இந்தியத் தலைவர் அவர். வேலூரை ஒரு தெலுங்கு நாட்டுப் பெண்மணி நடத்தினார் என்பதை இங்குள்ள அண்டை வீட்டாரிடம் நாம் சொல்லலாம்.

ஓய்வு பெற்ற ஐடா அம்மையார் அமெரிக்கா போகவில்லை. கொடைக்கானலில் வீடு, தோட்டத்தில் ரோஜாச் செடிகள், விடுமுறைக்கு வரும் பழைய மாணவிகள் என்று கடைசிக் காலம் கழிந்தது. டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் அவர் கைக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். 1960 மே மாதம், 89-வது வயதில் கொடைக்கானலில் காலமானார்.

மறு ஆண்டே, 1961-ல், இந்தியாவின் முதல் திறந்த இருதய அறுவைச் சிகிச்சை வேலூரில் நடந்தது. அதைக் காண அம்மையார் இல்லை. ஆனால் அன்றைக்குள் அந்த ஆஸ்பத்திரி அவர் ஒருவரை நம்பியிருக்கும் நிலையைக் கடந்துவிட்டது. பெற்றோரைப் பறித்த தேசம் என்று ஒரு காலத்தில் இந்தியாவை வெறுத்தவர், அதே தேசத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாய் மிஞ்சும்படி செய்துவிட்டுப் போனார்.