காஞ்சியில் கற்ற கனிவு

நுழையும்முன்

பெரிய செயல்களைச் செய்தவர்களை வரலாறு நினைவில் வைத்துக்கொள்கிறது. அச்செயல்களுக்கு அவர்தம் மனத்தை ஆயத்தப்படுத்திய சிறிய நிகழ்வுகளோ பெரும்பாலும் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. திருக்கோட்டியூர்க் கோயிலில் நின்று மறைபொருளை அனைவருக்கும் எடுத்துரைத்தவர் என்றே இராமானுசரை நாம் அறிவோம். அதற்கு முன் காஞ்சிபுரத்தின் வீதியிலும் கிணற்றடியிலும் சமையற்கட்டிலும் அவர் கற்ற பாடங்களைப் பற்றியது இப்பாடம்.

கல்வியிற் சிறந்த நகரம்

காஞ்சிபுரம் இன்று பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்று விளங்குகிறது. நகரின் மேற்குப் பகுதி பெரிய காஞ்சி எனவும் கிழக்குப் பகுதி சின்னக் காஞ்சி எனவும் வழங்கும். பெரிய காஞ்சியில் ஏகாம்பரநாதர் கோயிலும் சின்னக் காஞ்சியில் வரதராசப் பெருமாள் கோயிலும் அமைந்துள்ளன. நகரை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில்கள் உள்ளன. பௌத்தம் இங்குத் தழைத்திருந்ததை 7ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங் தம் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். பல சமயத்தாரும் கற்றும் வாதிட்டும் வாழ்ந்த இந்நகருக்கு, சோழர் ஆட்சிக் காலத்தில் இளைஞர் ஒருவர் கல்வி தேடி வந்தார். அவரே இராமானுசர்.

வைணவ மரபு அவருடைய காலத்தை 1017 முதல் 1137 வரை எனக் கணக்கிடுகிறது. அவர் பிறந்த ஊர் திருப்பெரும்பூதூர். தந்தை ஆசூரி கேசவ சோமயாசி, தாய் காந்திமதி. அவருக்கு இடப்பட்ட பெயர் இளையாழ்வார். இளமையிலேயே அவருக்குத் தஞ்சமாம்பாள் என்னும் பெண்ணை மணம் செய்வித்தனர். தந்தை மறைந்த பின்னர்க் குடும்பம் காஞ்சிக்குக் குடிபெயர்ந்தது. அவர் வாழ்க்கை நிகழ்ச்சிகளைக் குருபரம்பரை நூல்கள் பத்திச் சுவையுடன் விரித்துரைக்கின்றன.

ஆசிரியரோடு முரண்

காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப் பிரகாசர் என்னும் வேதாந்த ஆசிரியர் பல மாணவர்களுக்குப் பாடம் சொல்லிவந்தார். இராமானுசரும் அவரிடம் சேர்ந்தார். கற்றவற்றை அப்படியே ஏற்கும் மாணவராக அவர் இருக்கவில்லை. இறைவனின் கண்களுக்கு உபநிடதம் கூறும் உவமை ஒன்றுக்கு ஆசிரியர் தகாத பொருள் உரைத்தபோது, அருகிலிருந்து பணிவிடை செய்துகொண்டிருந்த இராமானுசரின் கண்ணீர் ஆசிரியர்மேல் வீழ்ந்தது. காரணம் வினவப்பட்டதும், கதிரவனால் மலர்ந்த தாமரை என்னும் பொருளே அங்குப் பொருந்தும் என விளக்கினார். ஆசிரியரின் சினம் நாளுக்கு நாள் வளர்ந்தது.

காசிப் பயணத்தின்போது இராமானுசரை ஒழித்துவிடுவது எனச் சூழ்ச்சி நடந்ததாகவும், உடன் படித்த அவருடைய சிற்றன்னை மகன் கோவிந்தன் அதை உணர்த்தித் தப்பச் செய்ததாகவும் குருபரம்பரை கூறும். விந்தியக் காட்டில் தனித்து நின்ற அவருக்கு வேடுவர் ஒருவரும் அவர்தம் மனைவியும் வழித்துணையாயினர். பொழுது புலர்ந்ததும் வேடுவப் பெண் தண்ணீர் கேட்டாள். இராமானுசர் அருகிலிருந்த கிணற்றில் நீர் முகந்து வந்து கொடுத்தார். மீண்டும் நீர் எடுத்து வருவதற்குள் இருவரும் மறைந்தனர். தாம் நிற்பது காஞ்சியின் எல்லை என்பதை அவர் அறிந்தார். வந்தவர்கள் பேரருளாளனாகிய வரதராசனும் தாயாருமே என்பது மரபின் நம்பிக்கை. இறைவன் வேடுவனாய் வந்தான் என்னும் இந்த நம்பிக்கையில், எளியவர் எவரையும் குறைத்து மதிப்பிடலாகாது என்னும் கருத்தும் பொதிந்துள்ளது.

நாள்தோறும் ஒரு குடம்

காஞ்சியில் இராமானுசருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் திருக்கச்சி நம்பி. பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் பிறந்த இவர், பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டினைச் செய்துவந்தார். இறைவன் அவரோடு பேசுவதாக ஊரார் நம்பினர். வேடுவத் தம்பதியருக்கு நீர் முகந்த அதே சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் நீர் கொணர்ந்து கோயிலுக்கு அளிக்குமாறு நம்பி கூறினார். வேதாந்தம் கற்ற இராமானுசர் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து நடந்தார்.

இத்தொண்டில் வியத்தகு நிகழ்ச்சி எதுவும் இல்லை. காலையில் எழுதல், கிணற்றுக்குச் செல்லுதல், நீர் முகத்தல், சுமந்து வருதல் என ஒவ்வொரு நாளும் ஒரே பணிதான். ஆயினும் வாதத்தில் வெல்லப் பழகிய அறிவு, பிறருக்காகச் சுமக்கப் பழகியது இந்த நடையில்தான்.

இலையில் எஞ்சிய உணவு

நம்பியைத் தம் ஆசிரியராக ஏற்க இராமானுசர் விரும்பினார். அந்தணர் ஒருவருக்குத் தாம் ஆசானாதல் அக்கால மரபுக்கு ஒவ்வாது எனக் கூறி நம்பி மறுத்துவிட்டார். அங்ஙனமாயின் அவர் உண்டு எஞ்சியதையேனும் உண்ண வேண்டும் என்னும் எண்ணத்துடன், இராமானுசர் அவரைத் தம் இல்லத்திற்கு உணவுண்ண அழைத்தார். சமையலுக்கு வேண்டியவற்றை மனைவியிடம் கூறிவிட்டு, நம்பியை எதிர்கொண்டு அழைத்துவர ஒரு தெரு வழியே சென்றார். நம்பியோ வேறொரு தெரு வழியே வீட்டை அடைந்தார். கோயில் பணிக்கு விரைந்து செல்லவேண்டும் எனக் கூறி, தஞ்சமாம்பாள் இட்ட உணவை உண்டு சென்றார்.

இராமானுசர் திரும்பி வந்தபோது வீடு மெழுகப்பட்டிருந்தது. நம்பி உண்ட இலை அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய உணவை அப்புறப்படுத்திவிட்டுத் தஞ்சமாம்பாள் நீராடிப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தார். அவர் விருந்தினரைப் பட்டினியாக அனுப்பவில்லை. கடுஞ்சொல் கூறவும் இல்லை. தாம் வளர்ந்த முறைப்படி உணவிட்டார். அம்முறைப்படியே அவர் உண்ட இடத்தைத் தூய்மை செய்தார். உணவு கொடுப்பது ஒன்று, உண்பவரைத் தமக்கு நிகராகக் கருதுவது மற்றொன்று என்னும் வேறுபாட்டை இராமானுசர் தம் வீட்டுச் சமையற்கட்டிலேயே கண்டார். அன்று இழந்தது ஒரு கவளச் சோறுதான். ஆயினும் அவ்விழப்பு அவர் நெஞ்சில் நிலைத்தது.

கிணற்றடிப் பூசல்

திருவரங்கத்தில் வைணவத் தலைவராக விளங்கிய ஆளவந்தாரைக் காணப் பெரிய நம்பியுடன் இராமானுசர் சென்றார். அவர் சென்று சேர்வதற்குள் ஆளவந்தார் மறைந்துவிட்டார். வருத்தத்துடன் காஞ்சி திரும்பிய இராமானுசர், தம் மனத்திலிருந்த ஐயங்களுக்குத் திருக்கச்சி நம்பி வாயிலாகப் பேரருளாளனிடம் விடை வேண்டினார். நம்பி கொணர்ந்த விடை ஆறு வார்த்தைகள் எனப் போற்றப்படுகிறது. பெரிய நம்பியை ஆசிரியராகக் கொள்ளவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆசானாதல் தகாது என மறுத்தவர் வாயிலாகவே இராமானுசருக்கு வழி தெளிவாயிற்று.

அதன்படி மதுராந்தகத்தில் பெரிய நம்பியைச் சந்தித்து அவரிடம் ஐவகைச் சடங்கு பெற்றார். பின்னர்ப் பெரிய நம்பியும் அவர் மனைவியும் காஞ்சிக்கு வந்து இராமானுசரின் இல்லத்தில் ஆறு திங்கள் தங்கினர். அக்காலத்தில் ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்களை இராமானுசர் முறையாகக் கற்றார். வடமொழி வேதாந்தத்தில் தேர்ந்த ஒருவர், தமிழ்ப் பாசுரங்களின் முன் மீண்டும் மாணவராக அமர்ந்தார்.

ஒருநாள் இரு பெண்களும் ஒரே கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தனர். பெரிய நம்பியின் மனைவியின் குடத்திலிருந்து சில துளிகள் தஞ்சமாம்பாளின் குடத்தில் விழுந்தன. தம் குடத்து நீர் தூய்மை கெட்டதாகக் கருதித் தஞ்சமாம்பாள் குலவேறுபாடு தோன்றப் பேசினார். செய்தி அறிந்த பெரிய நம்பி, எவரிடமும் குறைகூற விரும்பாது, இராமானுசர் வீட்டில் இல்லாத வேளையில் மனைவியுடன் திருவரங்கம் புறப்பட்டார். பசித்து வந்த ஒருவருக்கு, உணவு இருந்தும் இல்லை எனத் தஞ்சமாம்பாள் கூறிய நிகழ்ச்சி ஒன்றையும் குருபரம்பரை குறிப்பிடுகிறது.

இவற்றின் முடிவில் இராமானுசர் இல்லறத்தைத் துறந்தார். தஞ்சமாம்பாளின் பிறந்த வீட்டிலிருந்து வந்ததுபோல ஒரு மடலைக் காட்டி அவரை அங்கு அனுப்பிவிட்டு, வரதராசர் கோயிலின் அனந்தசரசு குளக்கரையில் துறவு மேற்கொண்டார் என்பர். தஞ்சமாம்பாளின் பக்கத்து நியாயத்தை நூல்கள் பதிவு செய்யவில்லை. அவர் புதிதாக ஒரு வேற்றுமையைப் படைத்தவர் அல்லர். தலைமுறைகளாகக் கற்பிக்கப்பட்டதையே கடைப்பிடித்தவர். அனைவரிடமும் கனிவு காட்டிய இராமானுசரால் தம் வீட்டிலிருந்த ஒருவரின் மனத்தை மாற்ற இயலவில்லை என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. நெடுநாள் பழகிய வழக்கத்தைக் கைவிடுதல் எவ்வளவு கடினம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஆசிரியர் மாணவரானார்

துறவு பூண்ட இராமானுசரை நாடி முதலியாண்டானும், காஞ்சியை அடுத்த கூரத்தில் பெருஞ்செல்வராக வாழ்ந்த கூரத்தாழ்வானும் வந்து சேர்ந்தனர். பின்னர், எவரும் எதிர்பாராத ஒருவரும் வந்தார். அவர் யாதவப் பிரகாசர். முன்னாளில் தம் உயிருக்கே ஊறு சூழ்ந்ததாகக் கூறப்படும் முதியவரை இராமானுசர் பழம்பகை பாராது ஏற்றார். கோவிந்த சீயர் என்னும் பெயர் சூட்டி, துறவியர் ஒழுக்கம் பற்றி ஒரு நூல் எழுதுமாறும் வேண்டினார். தோற்றவரை மன்னிப்பது கனிவு. அவருடைய புலமைக்கு உரிய பணியைக் கொடுத்து மதிப்பது அதனினும் உயர்ந்த கனிவு. தாம் கற்பித்த மாணவரிடமே கற்க முன்வந்த யாதவப் பிரகாசரின் திறந்த மனமும் போற்றத்தக்கது.

திருவரங்கத்தில்

பின்னர் இராமானுசர் திருவரங்கம் சென்று கோயில் நிருவாகத்தைச் செம்மைப்படுத்தினார். அங்கும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப் பெருமாள் அரையர், பெரிய திருமலை நம்பி ஆகிய ஐவரிடம் வெவ்வேறு பொருள்களைக் கற்றார். திருக்கோட்டியூர் நம்பியிடம் மறைபொருளைக் கேட்பதற்காகப் பதினெட்டு முறை நடந்தார். பெற்ற பொருளைத் தமக்கெனப் போற்றி வைத்துக்கொள்ளாமல், ஆசிரியரின் தடையையும் மீறிப் பலருக்கும் உரைத்தார். தாம் நரகம் புகுந்தாலும் மற்றவர் உய்வர் என்பதே அவர் கூறிய விடை.

மல்லராகிய உறங்காவில்லி, தம் மனைவி பொன்னாச்சியின் கண்களில் வெயில் படாதவாறு திருவிழாக் கூட்டத்தில் குடை பிடித்து நடந்தவர். கூட்டத்தார் நகைத்தனர், இராமானுசரோ அவ்வன்பைக் கண்டு அவரைத் தம் மாணவராக்கிக்கொண்டார். அந்தணர் அல்லாத அவரது கையைப் பற்றிக்கொண்டே காவிரியில் நீராடித் திரும்புவதை வழக்கமாகக் கொண்டார். காஞ்சியில் அவர் வீட்டில், வேறு குலத்தவர் உண்டு சென்ற பின் நீராடல் நிகழ்ந்தது. திருவரங்கத்தில் அவர், நீராடிய பின் வேறு குலத்தவரின் கையைப் பற்றினார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கடந்துவந்த தொலைவை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

ஒருநாள் பிச்சை ஏற்கச் சென்ற வழியில், சிறுவர்கள் தெருமணலில் கோயில் வரைந்து விளையாடிக்கொண்டிருந்தனர். மணலையே திருவமுதாகக் கருதி அவருக்கு நீட்டினர். இராமானுசர் அவர்களைக் கடிந்து செல்லாமல் வணங்கி நின்று, அம்மணலைப் பிச்சைப் பாத்திரத்தில் ஏற்றுக்கொண்டார் என்பர். குழந்தைகளின் மனம் கோணலாகாது என்பதற்கு அவர் கொடுத்த மதிப்பு அது.

மறையாத மாண்பு

கருநாடகத்து மேல்கோட்டையில் வாழ்ந்த காலத்தில், தாழ்த்தப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் எனப் பெயரிட்டு அழைத்து, ஆண்டில் மூன்று நாள் அவர்கள் கோயிலுள் நுழையும் உரிமையைப் பெற்றுத் தந்தார். மூன்று நாள் என்பது இன்றைய நோக்கில் மிகக் குறைவு. ஒருநாளும் இல்லாதிருந்த காலத்தில் அது திறக்கப்பட்ட முதற்கதவு. அவர் வடமொழியில் இயற்றிய நூல்களுள் பிரம்மசூத்திரத்திற்கான ஸ்ரீபாஷ்யம் தலைசிறந்தது. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு உரை எழுதச் செய்த பெருமையும் அவருக்குண்டு.

இராமானுசரின் வாழ்வில் கனிவும் திறந்த மனமும் தனித்தனிப் பண்புகளாக இல்லை. திருக்கச்சி நம்பியிடம் கற்க விரும்பியதனால் அவருடைய இலையில் எஞ்சிய உணவையும் உயர்வாகக் கருதினார். உறங்காவில்லியின் அன்பை மதித்ததனால் ஒரு மல்லரிடத்தும் புதியதொரு பாடத்தைக் கண்டார். பிறரிடமிருந்து பெறுவதற்கு நம்மிடம் ஏதோ ஒன்று குறைகிறது என உணரும்போதுதான் அவரை நிகராக மதிக்க இயலும். ஒரு குடம் நீர், ஒரு கவளம் சோறு, பற்றிக்கொள்ள ஒரு கை ஆகிய இவை எவருக்கும் எட்டக்கூடியவை. இவற்றை யாரிடமிருந்தும் தயக்கமின்றிப் பெறவும் யாருக்கும் தயக்கமின்றித் தரவும் பழகிய நெஞ்சமே பெருஞ்செயல்களுக்கு உரியதாகிறது.

கற்பவை கற்றபின்

1. உணவு அளித்தல், உண்பவரை நிகராக மதித்தல் ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் ஊர் நிகழ்வுகள் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. தஞ்சமாம்பாளின் நோக்கில் கிணற்றடி நிகழ்ச்சியை ஒரு பக்க அளவில் எழுதுக.
3. உங்களினும் இளையவரிடமோ, பள்ளிக் கல்வி பெறாதவரிடமோ நீங்கள் கற்றுக்கொண்ட ஒன்றனைப் பற்றி வகுப்பில் உரையாற்றுக.