தன் இதயத்துக்கே குழாய் விட்டவர்

சென்ற ஆண்டு அய்யனார் கோவிலுக்குப் போனபோது எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் மூச்சு வாங்கிப் பாறையில் உட்கார்ந்து விட்டான். நாங்கள் கிண்டல் பண்ணினோம். பிறகுதான் தெரிந்தது, அவன் இதயத்தில் மிட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது! சின்ன வயதில் தொண்டை வலிக்குப் பின் வந்த மூட்டுக் காய்ச்சல் செய்த வேலை. டாக்டர்கள் நெஞ்சைத் திறக்கவில்லை. தொடை இரத்தக் குழாய் வழியாகக் கதீட்டரை விட்டு, முனையிலிருந்த பலூனை விரித்து வால்வைத் திறந்தார்கள். இதயத்துக்கு இந்தப் பாதையைக் காட்டியவர் ஜெர்மனியின் வெர்னர் ஃபோர்ஸ்மான்.

1904இல் பெர்லினில் பிறந்த இவர், 1929இல் எபர்ஸ்வால்டே என்ற சிற்றூரில் இளம் டாக்டர். நம்மைவிட ஆறேழு வயசுதான் கூட! உயிரோடிருக்கும் மனிதனின் இதயத்தைக் குழாய் தொட்டால் ஆள் காலி என்று பலரும் பயந்த காலம். கை இரத்தக் குழாய் வழியே போகலாம் என்றார் இவர். தலைமை டாக்டர் மறுத்து விட்டார்.

கருவிகள் கெர்டா டிட்சன் என்ற நர்ஸ் பொறுப்பில் இருந்தன. சோதனையைத் தன் மீதே செய்யச் சொல்லி அவர் முன்வந்தார். பாவம், அவரை மேஜையில் கட்டிப் போட்டு விட்டு, இவர் தன் இடது கையையே மரத்துப் போகச் செய்து கீறி, சிறுநீரகச் சிகிச்சைக்கான மெல்லிய குழாயை நுழைத்துக் கொண்டார்! குழாய் தொங்கும் கையோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். ஓடி வந்து பிடுங்கப் பார்த்த சக டாக்டரைத் தடுத்து, கண்ணாடியில் பார்த்தபடியே 65 செ.மீ. வரை தள்ளினார். குழாய் இதயத்தின் வலப் பக்கம் சேர்ந்தது. படமும் எடுத்தாயிற்று.

பாராட்டு வரவில்லை. பெரிய மருத்துவமனையில் இடம் நிலைக்காமல் சிறுநீரக மருத்துவத்துக்கு மாறினார். 1932இல் நாஜி கட்சியில் சேர்ந்ததையும் மறைக்கக் கூடாது. போருக்குப் பின் சில ஆண்டுகள் வைத்தியம் பார்க்கத் தடை. மரம் வெட்டிப் பிழைத்தார். அதற்குள் நியூயார்க்கில் கூர்னாண்டும் ரிச்சர்ட்ஸும் அவர் முறையை வளர்த்து விட்டார்கள். 1956இல் மூவருக்கும் நோபல் பரிசு! 1979இல் இதய நோயால்தான் இறந்தார்.

ஜப்பானிய டாக்டர் இனோவே மிட்ரல் வால்வுக்கான பலூன் முறையை வெளியிட்டது 1984இல். அது இல்லையென்றால் எங்கள் நண்பனுக்கு நெஞ்சில் கத்திதான். இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி மட்டும். அதற்குத்தான் பயல் இன்னும் அழுகிறான்.