ஒரே ஒரு லேப் தந்த சாம்பியன் பட்டம்: யார் இந்த ஆலன் குல்விக்கி?

பைக் ரிசர்வில் விழுந்துவிட்டது. அடுத்த பங்க் வரை போய்ச் சேருமா என்று தெரியாமல், ஆக்ஸிலரேட்டரை மெதுவா முறுக்கி ஓட்டிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இதே பதற்றத்தோடு கடைசி சில சுற்றுகளை ஓட்டி, அமெரிக்காவின் மிகப் பெரிய ஸ்டாக் கார் பட்டத்தை வென்றவர் ஆலன் குல்விக்கி.

1992 நவம்பர் 15. இடம், அட்லாண்டா. அன்றைய பந்தயத்தில் அவர் முதலிடம் பிடிக்கவில்லை. இரண்டாவதாகத்தான் வந்தார். ஆனாலும் சாம்பியன் அவர்தான். எப்படி?

இன்ஜினீயரிங் படித்த டிரைவர்

1954-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர் குல்விக்கி. அப்பா பந்தயக் கார்களுக்கு இன்ஜின் தயாரிப்பவர். மகன் 1977-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தார். படித்த படிப்புக்கு வேலைக்குப் போயிருக்கலாம். ஆனால், மனசு முழுக்க ரேஸ் டிராக்கில்தான் இருந்தது.

வெளியே பார்த்தால் ஷோரூம் கார் மாதிரியும், உள்ளே முழுக்க பந்தயத்துக்காகவே கட்டப்பட்டதாகவும் இருப்பதுதான் ஸ்டாக் கார். இதற்கான போட்டிகளை நடத்தும் அமைப்பு நாஸ்கார். இந்த விளையாட்டின் தலைநகரம் என்றால் அது வட கரோலினாவின் சார்லட் நகரம்.

1980-களின் நடுவில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு அங்கே கிளம்பினார் குல்விக்கி. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அவரது டிரக் தீப்பிடித்து நாசமானது. ஆனாலும் பயணத்தைத் தள்ளிப்போடவில்லை. இன்னொரு டிரக்கை இரவல் வாங்கி, டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

1986 சீசனைத் தொடங்கும்போது அவரிடம் இருந்தது ஒரு கார், இரண்டு இன்ஜின், இரண்டு முழுநேர ஊழியர்கள். அவ்வளவுதான். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்கே கிடைத்தது.

10 லட்சம் டாலருக்கு 'நோ'

குல்விக்கியின் அணியில் டிரைவரும் அவரே, ஓனரும் அவரே. கார் செட்டிங் முதல் சம்பளப் பட்டுவாடா வரை எல்லாம் அவர் தலையில்தான். பெரிய அணிகளின் பண பலத்துக்கு முன்னால் இது ரொம்பவே கஷ்டமான பாதை.

அப்போது நாஸ்காரின் ஜாம்பவான் அணி உரிமையாளர்களில் ஒருவர் ஜூனியர் ஜான்சன். தன் அணிக்கு வரும்படி அவர் குல்விக்கியை அழைத்தார். மறுப்பு. 1991 சீசனுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக மறுபடியும் அழைத்தார். மறுபடியும் மறுப்பு. முழு சீசனுக்கும் ஸ்பான்சர் இல்லாமலே அந்த ஆண்டைத் தொடங்க வேண்டியிருந்தபோதும் சொந்த அணியை அவர் விடவில்லை.

1992-ல் ஜான்சனின் காரை ஓட்ட வந்தவர் பில் எலியட். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

278 புள்ளி பின்னால்

1992 செப்டம்பரில் டோவர் பந்தயத்தில் குல்விக்கியின் கார் விபத்தில் சிக்கியது. இன்னும் ஆறு பந்தயங்களே பாக்கி. முதலிடத்தில் இருந்த எலியட்டைவிட 278 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

ஆனால், அதன் பிறகு எலியட் அடுத்தடுத்து சறுக்க, குல்விக்கி நிதானமாகப் புள்ளிகளைச் சேர்த்தார். கடைசிப் பந்தயத்துக்கு வரும்போது ஆறு பேருக்குப் பட்ட வாய்ப்பு இருந்தது. டேவி ஆலிசன் முதலிடம். அவரைவிட 30 புள்ளி பின்னால் குல்விக்கி, 40 புள்ளி பின்னால் எலியட்.

அட்லாண்டா பந்தயத்தின் நடுவே ஆலிசன் விபத்தில் சிக்கிப் போட்டியிலிருந்து விலக, மிச்சம் இருந்தது எலியட்டும் குல்விக்கியும்தான்.

அந்த 5 புள்ளி

அன்றைய விதிப்படி பந்தயத்தை வென்றால் 175 புள்ளி, இரண்டாவது வந்தால் 170. ஒரு லேப்பாவது முன்னிலையில் இருந்தால் போனஸ் 5. அதிக லேப்களில் முன்னிலை வகித்தவருக்கு இன்னொரு 5.

எலியட்டைவிட 10 புள்ளி கூடுதலாக வைத்துக்கொண்டு களம் இறங்கிய குல்விக்கிக்கு, அந்த இரண்டாவது போனஸ்தான் உயிர்நாடி. அது கிடைத்தால், எலியட் பந்தயத்தை வென்றாலும் பட்டம் போகாது.

இங்கேதான் பெட்ரோல் கணக்கு வருகிறது. அன்றைய கார்களின் டேங்க் கொள்ளளவு சுமார் 83 லிட்டர். மைலேஜ் ஏறத்தாழ லிட்டருக்கு 2 கி.மீ மட்டுமே. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள்ளும் கிடையாது. அதனால் எந்த லேப்பில் பிட் ஸ்டாப் எடுப்பது, எத்தனை லிட்டர் போடுவது என்பதெல்லாம் குழுவின் கணக்குதான். சீக்கிரம் உள்ளே வந்தால் முன்னிலை லேப்களை இழக்க வேண்டும். லேட் ஆனால் கார் டிராக்கிலேயே நின்றுவிடும்.

குல்விக்கியின் தலைமை மெக்கானிக் பால் ஆண்ட்ரூஸும் குழுவும் கணக்குப் போட்டு அவரை வெளியிலேயே வைத்திருந்தார்கள். மொத்தம் 328 லேப். 310 முடிந்த பிறகே பிட்டுக்கு வந்தார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பந்தயத்தின் தொடக்கத்திலேயே காரின் முதல் கியர் உடைந்துபோயிருந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜின் ஆஃப் ஆனால் எல்லாம் முடிந்தது. அதனால் டயர் மாற்றவில்லை, பெட்ரோல் மட்டும். கை சும்மா இருந்த ஊழியர்கள் காரைத் தள்ளிவிட்டுக் கிளப்பினார்கள்.

மிச்சம் 18 லேப், அதாவது சுமார் 44 கி.மீ. நாமே கணக்குப் போட்டால், 22 லிட்டர் போதும். ஆனால், அவசரத்தில் ஊற்றியது போதுமா என்று குழுவுக்கே உறுதியாகத் தெரியவில்லை. எலியட்டை விரட்டாமல், பெட்ரோலை மிச்சப்படுத்தியபடியே இரண்டாவதாக வந்து சேர்ந்தார் குல்விக்கி.

முன்னிலை வகித்த லேப்கள்: குல்விக்கி 103, எலியட் 102.

இறுதிப் புள்ளிகள்: குல்விக்கி 4,078, எலியட் 4,068. அந்த 5 புள்ளி கை மாறியிருந்தால் இருவரும் 4,073-ல் சமமாக நின்றிருப்பார்கள். சமநிலை என்றால் அதிக வெற்றி பெற்றவருக்கே பட்டம். அந்த சீசனில் எலியட் வென்றது 5, குல்விக்கி 2. அதாவது, 29 பந்தயங்கள் நடந்த ஒரு சீசனை முடிவு செய்தது ஒரே ஒரு லேப்.

10 லட்சம் டாலர் கொடுத்து வாங்க முடியாத டிரைவரிடம்தான் ஜான்சனின் கார் அன்று பட்டத்தை இழந்தது.

எதிர்த்திசையில் ஒரு சுற்று

1988-ல் ஃபீனிக்ஸில் முதல் வெற்றி கிடைத்தபோது, டிராக்கில் எதிர்த்திசையில் ஒரு சுற்று வந்தார் குல்விக்கி. டிரைவர் பக்க ஜன்னல் ரசிகர்களைப் பார்த்தபடி இருக்கும் என்பதுதான் காரணம். அவரது போலந்து வம்சாவளியால் அதற்கு 'போலிஷ் விக்டரி லேப்' என்று பெயர் வந்தது. அட்லாண்டாவிலும் அதையே செய்தார்.

சாம்பியனாக அவர் வாழ்ந்தது ஐந்து மாதம்கூட இல்லை. 1993 ஏப்ரல் 1 அன்று, பிரிஸ்டல் பந்தயத்துக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்தார். வயது 38. சில நாள் கழித்து அந்தப் பந்தயத்தை வென்ற ரஸ்டி வாலஸ், நண்பரின் நினைவாக எதிர்த்திசையில் ஒரு சுற்று வந்தார்.

அதே ஆண்டு ஜூலையில் டேவி ஆலிசனும் ஹெலிகாப்டர் விபத்தில் பலியானார். 2019-ல் இருவரும் ஒன்றாகவே நாஸ்கார் புகழ் அரங்கில் சேர்க்கப்பட்டார்கள்.

சொந்த அணியின் காரை ஓட்டி நாஸ்காரின் முதன்மைப் பட்டத்தை இன்னொருவர் வெல்ல 2011 வரை ஆனது. அவர் டோனி ஸ்டீவர்ட். அந்த முறை புள்ளிகள் நிஜமாகவே சமமாகின. அதிக வெற்றிகள் என்ற அதே விதிதான் சாம்பியனைத் தீர்மானித்தது. குல்விக்கி ஒரு லேப்பில் தப்பித்தது அந்த விதியிடமிருந்துதான்.