மஜும்தார் பெற்ற விருது

அந்நியக் கொடியின் கீழ்ப் பெற்ற பதக்கத்தைச் சுதந்திர நாட்டார் போற்றலாமா? கருண் கிருஷ்ண மஜும்தாரின் சரித்திரம் இக்கேள்விக்கு விடை கூறும்.

1913-ல் பிறந்த அவர், காங்கிரஸ் மகாசபையின் முதல் தலைவர் உமேஷ் சந்திர பானர்ஜியின் பேரர். இந்தியருக்கு விமானம் ஓட்டும் திறமை உண்டோவென்று ஆள்வோர் ஐயுற்ற காலத்தில் விமானப் படையிற் சேர்ந்தார். 1941-ல் முதலாவது ஸ்குவாட்ரனின் தலைமை அவரிடம் வந்தது.

1942 பிப்ரவரித் தொடக்கத்தில் அப்படை பர்மாவிலுள்ள டௌங்கூவை அடைந்ததும், ஜப்பானியர் அங்குள்ள விமான நிலையத்தின்மீது குண்டு வீசினர். மறுநாளே மஜும்தார், வேவு பார்ப்பதற்கென்றே அமைந்த மந்தகதியான லைசாண்டர் விமானத்தில் குண்டுகளை ஏற்றிக்கொண்டு, சயாம் எல்லைக்குட்பட்ட மே ஹாங் ஸான் விமான தளத்தைத் தாழப் பறந்து தாக்கினார். அடுத்த நாள் படை முழுவதும் அவர் வழியே சென்றது. அத்தீரத்திற்கு டி. எப். ஸி. விருது கிடைத்தது. விங் கமாண்டர் பதவிக்குயர்ந்த முதல் இந்தியரும் அவரே.

1944-ல், ஐரோப்பியப் போர்முனையில் பணிபுரியும் பொருட்டு, அப்பதவியினின்று ஒருபடி இறங்கவும் இசைந்தார். நார்மண்டிப் போரில் எதிரியின் நிலைகளைப் படம் பிடித்து வந்தார். 1945 ஜனவரியில் அவ்விருது இரண்டாம் முறையும் அவரை அடைந்தது. ஒரு மாதத்திற்குள், பிப்ரவரி 17-ந் தேதி, லாகூரில் விமான சாகஸம் காட்டுகையில் விபத்துக்குள்ளாகி மாண்டார். வயது முப்பத்தொன்று.

1954-ல் விமானப் படைத் தலைமையை ஏற்ற முதல் இந்தியரான சுப்ரதோ முகர்ஜியும் அதே ஸ்குவாட்ரனில் பயின்றவர். பதக்கத்தை வழங்கியது பிறர் அரசு. அதை ஈட்டிய ஆற்றல் சுதந்திர பாரதத்தின் முதலாயிற்று. ஆகவே, அதனைப் போற்றுவதில் நமக்குத் தயக்கம் வேண்டுவதில்லை.