புள்ளி வைத்த சோளம்

ப்ராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி பகலா உழைச்சதை எல்லாம் சொல்லி முடிக்கிறீங்க. ஒரு கேள்விகூட வரல. யாருக்கும் புரியலன்னு முகத்துலயே தெரியுது. போன மாசம் எனக்கு அப்படித்தான் ஆச்சு. அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து படித்ததுதான் பார்பரா மெக்ளின்டாக்கின் கதை. நீங்களும் கேளுங்க.

1902ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர். பொண்ணு காலேஜ் போனால் மாப்பிள்ளை கிடைக்காது என்று அவர் அம்மா பயந்தார். (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குல்ல?) அப்பா துணை நிற்க, 1919ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். படிக்கும்போதே ஜாஸ் குழுவில் பாஞ்சோவும் வாசித்தார். 1927ல் அங்கேயே டாக்டர் பட்டம்.

அவர் ஆராய்ந்தது மக்காச்சோளத்தை. தானே விதைப்பார், தானே மகரந்தம் சேர்ப்பார், பிறகு மைக்ரோஸ்கோப்பில் குரோமோசோம்களைப் பார்ப்பார். 1931ல் ஹாரியட் க்ரைட்டன் என்ற மாணவியோடு சேர்ந்து, குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது பண்புகளும் சேர்ந்தே மாறுகின்றன என்று நிரூபித்தார். இவ்வளவு செய்தும் நிலையான வேலை அமையவில்லை. 1936ல் மிசௌரி பல்கலைக்கழகம் போனார். அங்கே முன்னேற வழி தெரியாமல் 1941ல் வெளியேறி, கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்துக்கு வந்தார். கடைசிவரை அதுதான் அவர் இடம்.

இப்போ மெயின் மேட்டர். சில சோள மணிகளில் ஊதாப் புள்ளிகள் இருக்கும். ஏன்? ஜீன்கள் நூலில் கோத்த மணி மாதிரி அசையாமல் இருக்கும் என்றுதான் அப்போது எல்லாரும் நம்பினார்கள். மெக்ளின்டாக் கண்டது வேறு. ஒரு துண்டு தாவிப் போய் நிறம் தரும் ஜீனுக்குள் உட்கார்ந்தால், ஜீன் கெட்டு மணி வெளிறிவிடும். மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு மறுபடி வெளியேறினால், அந்த செல்லின் வாரிசுகள் எல்லாம் ஊதா. அதுதான் புள்ளி! சீக்கிரம் வெளியேறினால் பெரிய புள்ளி, லேட்டானால் சின்னப் புள்ளி. அதுவும் இன்னொரு துண்டு கூட இருந்தால்தான் இது தாவும்.

1951ல் ஆய்வகத்தில் நடந்த கருத்தரங்கில் இதை விளக்கினார். கேட்டவர்களில் பலருக்கும் புரியவில்லை. அவர் ஒன்றும் புது ஆள் இல்லை. 1945லேயே அமெரிக்க மரபியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனவர். அப்படிப்பட்டவருக்கே இந்த நிலைமை! ஆய்வை அவர் நிறுத்தவில்லை. சில வருடங்களில் அதைப் பற்றி வெளியே எழுதுவதைத்தான் பெரும்பாலும் குறைத்துக்கொண்டார்.

பிறகு பாக்டீரியாவிலும் தாவும் துண்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன. 1983ல், 81 வயதில், பகிர்வு இல்லாத நோபல் பரிசு. செய்தியை ரேடியோவில்தான் கேட்டாராம். 1992ல் மறைந்தார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். உயிரின் வளர்ச்சியையே இந்தத் துண்டுகள்தான் கட்டுப்படுத்துகின்றன என்ற அவருடைய பெரிய கருத்து அப்படியே ஏற்கப்படவில்லை. ஆனால் தாவுவது உண்மை. மக்காச்சோள ஜீனோமில் சுமார் 85 சதவீதம் இந்த வகைத் துண்டுகள்தான் என்று 2009ல் தெரியவந்தது. நம் ஜீனோமிலும் கிட்டத்தட்ட பாதி!

ஒரு ஜீன் என்ன வேலை செய்கிறது என்று தேடும் ஃபங்ஷனல் ஜீனோமிக்ஸில் இன்று இந்தத் துண்டுகளே ஒரு கருவி. கோடில் ஒரு வரியை கமென்ட் பண்ணிட்டு எது வேலை செய்யலன்னு பார்ப்போமே, அதே லாஜிக். துண்டு போய் விழுந்த ஜீன் கெடும், செடியில் என்ன மாறுதுன்னு பார்த்தால் அந்த ஜீனின் வேலை தெரியும். சோளத்திலும் நெல்லிலும் இப்படிச் செய்கிறார்கள்.

படித்து முடித்ததும் ‘நானும் மெக்ளின்டாக்தான், உலகத்துக்குத்தான் புரியல’ன்னு கெத்தா தூங்கப் போனேன். தூக்கம் வரல. அவரிடம் ஒவ்வொரு கதிருக்கும் கணக்கு இருந்தது. என் ஸ்லைடில் இருந்த கிராஃபுகளில் பாதிக்கு என்னிடமே சரியான ரீடிங் இல்லை. அடுத்த ரிவ்யூவுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. லேபுக்குக் கிளம்புறேன் மக்களே!