பப்பான் நகரத்து மருத்துவ மாதரசி
சிபில் கார்த்திகேசு அம்மையார்



வேற்றுக் கோளிலிருந்து விந்தை உயிர்கள் பறக்கும் கலங்களில் வந்திறங்கி நம் உலகைப் பிடித்துக்கொள்வதாகக் கூறும் கதைகளை நீங்கள் படித்திருப்பீர்கள், திரைப்படங்களிலும் கண்டிருப்பீர்கள். அப்படி ஒருநாள் வந்துவிட்டால் எங்கே ஒளிவது, எதை உண்பது, யாரை நம்புவது என்று பள்ளித் திடலில் நீங்கள் விவாதித்துக்கொள்வதும் உண்டு. இத்தகைய கதைகளுக்கு முன்னோடியாக விளங்குவது எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் 1898ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட நாவலாகும். செவ்வாய்க் கோளிலிருந்து வந்தவர்களைப் பீரங்கிகளால் வெல்ல முடியவில்லை. கண்ணுக்குப் புலப்படாத நோய்க் கிருமிகளே அவர்களை மாய்த்தன என்று அக்கதை முடிகிறது.

கதை அவ்வாறு முடியலாம். உண்மையில் கிருமிகள் கட்சி பார்ப்பதில்லை. நம் நாட்டின்மீது அந்நியர் படையெடுத்து வந்தபோது, மலேரியாவும் காலராவும் இந்நாட்டு மக்களையே கூட்டங்கூட்டமாகக் கொண்டுசென்றன. அந்நாளில் துப்பாக்கி ஏந்தாமல், மருந்துப் பெட்டியை மட்டுமே துணைக்கொண்டு மக்களைக் காத்து நின்ற ஒரு தாயின் வரலாற்றை இங்குக் காண்போம்.

சிபில் அம்மையார் 1899ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3ஆம் நாள் சுமத்திராத் தீவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். தந்தையார் அயர்லாந்து வழிவந்த கலப்பினத்தவர். தோட்டத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். தாயார் மருத்துவச்சி. தாயின் தொழிலே மகளுக்கும் வாய்த்தது. தாதியாகவும் மருத்துவச்சியாகவும் முறைப்படி பயின்று தேறினார். கேண்டனீஸ் எனப்படும் சீனமொழியைத் தம் தாய்மொழிபோலவே சரளமாகப் பேசுவார். பிற்காலத்தில் மருந்தைப் போலவே இம்மொழியும் பல உயிர்களைக் காக்கப் பயன்பட்டது.

தைப்பிங்கில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய ஆறுமுகம் கணபதிப்பிள்ளை என்னும் மருத்துவரை 1919ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் பகுதியிலுள்ள தேவாலயத்தில் மணந்தார். கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய அம்மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசு என்னும் பெயரால் வழங்கப்பட்டார். முதலில் பிறந்த ஆண்மகவு பிறந்த சில மணி நேரத்திலேயே இறந்தது. தம்பதியர் வில்லியம் என்னும் சிறுவனைத் தத்தெடுத்து வளர்த்தனர். பின்னர் ஒல்கா, டான் என இரு பெண்மக்கள் பிறந்தனர். 1926ஆம் ஆண்டில் ஈப்போ புரூஸ்டர் சாலையில் மருந்தகம் ஒன்றைத் திறந்து, கணவரும் மனைவியும் மருத்துவத் தொண்டாற்றி வந்தனர். நம் தோட்டப்புறங்களில் தாதியரை மிஸ்ஸி என்று அழைப்போமல்லவா? கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இவ்வம்மையார் அத்தகைய மிஸ்ஸியாக விளங்கினார்.

1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறியது. வடக்கிலிருந்து சைக்கிளிலும் லாரியிலும் அது இறங்கி வந்த விரைவைக் கண்டு உலகமே திகைத்தது. டிசம்பர் முடிவதற்குள் ஈப்போ வீழ்ந்தது. ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூரும், பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் அவர்கள் வசமாயின. பல்லாண்டுகள் அசைக்க முடியாதது என்று எண்ணப்பட்ட ஆங்கில ஆட்சி எழுபது நாள்களில் மறைந்தது.

இத்தகைய வேளையில் மக்கள் என்ன செய்வர்? பலர் நகைகளைப் புதைத்தனர். சிலர் திக்குத் தெரியாமல் ஓடினர். கார்த்திகேசு குடும்பத்தினரும் ஈப்போவை விட்டு வெளியேறினர். ஆனால் திக்குத் தெரியாமல் அன்று. ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பப்பான் என்னும் சிறிய ஈயச் சுரங்க ஊரைத் தேர்ந்துகொண்டனர். மலைகளும் காடும் சூழ்ந்த ஊர் அது. ஒரே கடைத்தெரு, வரிசை வீடுகள், அவற்றின் பின்னால் காய்கறித் தோட்டங்கள், தோட்டங்களுக்கு அப்பால் காடு. 74ஆம் எண் வீட்டில் அம்மையார் மருந்தகம் நடத்தினார். மருத்துவர் ஈப்போவிலும் தம் தொழிலைத் தொடர்ந்தார்.

அந்நியர் ஆட்சியின் கீழ் ஓர் ஊர் உயிர்பிழைக்க வேண்டுமாயின் அதற்குத் தேவை என்ன என்று எண்ணிப் பாருங்கள். முதலாவது உணவு. மலாயா தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் பெற்று வந்தது. கப்பல்கள் நின்றதும் அரிசி அருகிப் பங்கீட்டுப் பொருளாயிற்று. வாழைமரப் படம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டை மூட்டையாகக் கொண்டுபோனாலும் ஒரு கைப்பிடி அரிசி கிடைப்பது அரிதான காலம் வந்தது. மக்கள் மரவள்ளிக் கிழங்கையும் சக்கரைவள்ளிக் கிழங்கையும் நட்டு உண்டனர். மரவள்ளியிலும் நஞ்சு உண்டு. தோலுரித்து, ஊறவைத்து, நன்றாக வேகவைத்த பின்னரே உண்ணல் வேண்டும். அதனை மட்டுமே உண்டவர்களுக்குக் கால் வீங்கியது. புண்கள் ஆறாமல் அழுகின. நம் பாட்டன் பாட்டியர் ஜப்பான்காரன் காலம் என்று பெருமூச்சுடன் கூறியது இதைத்தான்.

இரண்டாவது மருந்து. மலேரியாவுக்கு மருந்தான குவினைன் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. உலகத் தேவையின் பெரும்பங்கை ஜாவாத் தீவே அளித்து வந்தது. அத்தீவும் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. கடையில் மருந்து இல்லை. இருந்தாலும் விலைக்கு வாங்க வழியில்லை. முன்னதாகவே மருந்தைச் சேர்த்து வைத்தவரும், அதனை அளவறிந்து கொடுக்கத் தெரிந்தவரும் ஊருக்குக் கிடைத்த பெருஞ்செல்வமாயினர். அக்காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் சயாம் – பர்மா இரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் நம்மவர் மாண்டதற்கு அடியும் உதையும் மட்டும் காரணமல்ல. மலேரியா, காலரா, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றுக்கு மருந்தில்லாமல் இறந்தவரே மிகுதி. ஒரு தாதியும் ஒரு மருந்துப் பெட்டியும் ஓர் ஊருக்கு எத்துணை இன்றியமையாதவை என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, பலர் மறந்துவிடுவது, செய்தி. வெளியுலகச் செய்தி கேட்பதை ஜப்பானியர் கடுமையாகத் தடைசெய்திருந்தனர். சிற்றலை வானொலி வைத்திருப்பவர் பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து. அம்மையார் துணிந்து வானொலிப் பெட்டியை வைத்திருந்தார். மாடிப்படியின் கீழே தரையில் குழி தோண்டி அதனுள் மறைத்தார். ஜோசபின் என்று அதற்கு ஒரு பெண்பெயரும் சூட்டியிருந்தனர்! வீட்டில் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவதாகத்தான் அயலார் நினைப்பர். இலண்டன் வானொலியின் செய்தி இரவில் மெல்லிய ஓசையில் கேட்கப்பட்டு, நம்பிக்கைக்குரியோர் வாயிலாகப் பரவியது. போர் முடியாமல் போகாது, ஜப்பான் எங்கும் வென்றுகொண்டிருக்கவில்லை என்னும் அறிவு பட்டினி கிடந்தோரைப் பல நாள் தாங்கி நிறுத்தியது.

அக்காட்டில் வேறு சிலரும் இருந்தனர். ஜப்பானியரை எதிர்த்து மறைந்திருந்து போரிட்ட மக்கள் படையினர் அவர்கள். பெரும்பாலோர் சீன இளைஞர். காட்டில் வாழ்வது எளிதன்று. எனினும் காடு பகைவனும் அல்ல. பிரெடி ஸ்பென்சர் சாப்மன் என்னும் ஆங்கில அதிகாரி அந்நாளில் மூன்றாண்டுகளுக்கு மேல் மலாயாக் காட்டிலேயே வாழ்ந்து, 1949ஆம் ஆண்டில் அதனை நூலாக எழுதினார். காடு யார் பக்கமும் சேராதது என்பதே அந்நூலின் பெயருக்குப் பொருள். காட்டைக் கண்டு அஞ்சி மனமுடைந்தோர் விரைவில் இறந்தனர் என்றும், அதனை அறிந்து நடந்தோர் பிழைத்தனர் என்றும் அவர் கண்டறிந்தார். ஆயினும் எத்துணை மனவலிமை இருந்தாலும் குண்டு பாய்ந்த காலும், கொசு கொணர்ந்த காய்ச்சலும் தாமாக ஆறா. அதற்கு மருத்துவம் வேண்டும்.

இரவு வேளையில் காய்கறித் தோட்டங்களின் ஊடே அவ்வீரர்கள் வருவர். 74ஆம் எண் வீட்டின் பின்கதவு மெல்லத் திறக்கும். அம்மையார் அவர்களுடைய மொழியிலேயே பேசி நோயறிவார். புண்ணைக் கழுவிக் கட்டுவார். மருந்து கொடுத்துப் பொழுது புலருமுன் அனுப்பிவிடுவார். மருத்துவர் கார்த்திகேசும் இத்தொண்டில் பங்குகொண்டு அறுவை செய்து குண்டுகளை அகற்றினார். பகலில் அதே முன்வாசலில் ஊர்மக்கள் வரிசையில் நிற்பர். இனம், சமயம் என்ற வேறுபாடு அங்கு இல்லை.

இத்தகைய மறைபொருள் நெடுநாள் மறைந்திராது. 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஜப்பானிய இராணுவப் போலீசாராகிய கெம்பெய்தாய்க்குச் செய்தி எட்டியது. காடு அருகில் இருந்தது. ஒளித்து வைக்கவும் ஆட்கள் இருந்தனர். அம்மையார் ஓடவில்லை. அவர் மறைந்துவிட்டால் வீட்டாருக்கும் பப்பான் மக்களுக்கும் என்ன நேரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. கணவரும், மகன் வில்லியமும், அம்மையாரும் கைதாயினர்.

சிறையில் அவருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளையெல்லாம் சிறுவர் படிக்கும் இம்மலரில் விரித்தெழுத மனம் ஒப்பவில்லை. முதுகெலும்பு பழுதாகும்படி அடித்தனர். தாடையில் காலணியால் உதைத்தனர். காட்டிலிருப்போர் பெயர்களைக் கூறுமாறு கேட்டனர். அவர் கூறவில்லை. இறுதியில், ஏழு வயதை ஒட்டிய சின்னஞ்சிறு மகள் டானைக் கொணர்ந்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டினர். ஒரு பெயரைச் சொன்னால் போதும், மகள் இறங்கிவிடுவாள். சொன்னாலோ, ஓர் ஊரின் பிள்ளைகள் பலர் மாள்வர். எந்தத் தாய்க்கும் இத்தகைய நிலை வரலாகாது. அம்மையார் வாய் திறக்கவில்லை. தெய்வ அருளால் குழந்தையும் உயிர் தப்பினாள்.

அவர் செய்தது சரியா என்று கேட்பவர் உண்டு. பெற்ற மகளைவிடப் பிறர் மக்கள் பெரிதா என்பர். பெற்றோரே, இதற்கு விடை கூற நமக்குத் தகுதி உண்டா என்பது ஐயமே. அன்று அவருக்குச் சிந்திக்க நாழிகைக் கணக்கில் நேரம் தரப்படவில்லை என்பதை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பின்னர்ப் பத்து காஜா சிறையில் போர் முடியும் வரை அடைபட்டிருந்தார். மருத்துவரும் சிறைத்துன்பம் அனுபவித்தார். அம்மையாரின் புகழைப் பேசுவோர் பலர். அவருடன் நின்று அடிபட்ட கணவரையும் மகனையும் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். இது முறையன்று.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜப்பான் பணிந்தது. அடுத்த மாதம் 9ஆம் நாள், நம் பந்திங்கிற்கு அண்மையிலுள்ள மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் இந்தியப் படை கரையேறியது. நீங்கள் விடுமுறையில் சென்று விளையாடும் அதே கரைதான். சேற்றில் வண்டிகள் பல புதைந்து நின்றன. எதிர்த்துச் சுட ஆளிருந்திருந்தால் அன்று பேரிழப்பு நேர்ந்திருக்கும். ஜப்பான் முன்னரே பணிந்துவிட்டதனால் அத்தீங்கு நேரவில்லை.

அம்மையார் விடுதலை பெற்றபோது நடக்க இயலாத நிலையில் இருந்தார். உயர்ந்த சிகிச்சைக்காக விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கு ஆறாம் ஜார்ஜ் மன்னர், பெருவீரம் காட்டிய குடிமக்களுக்கென 1940ஆம் ஆண்டில் ஏற்படுத்திய ஜார்ஜ் பதக்கத்தை அவருக்கு அளித்துச் சிறப்பித்தார். படுக்கையில் கிடந்தவாறே தம் அனுபவங்களையும் நூலாக்கினார். அது 1954ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைக் கையிலேந்திப் பார்க்க அவர் இல்லை. சிறையில் தாடையில் பட்ட உதையின் காயம் ஆறாமல் நஞ்சாகி, 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அவர் உயிரைக் கொண்டுசென்றது. அப்போது அவருக்கு வயது 48.

ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல் 1949ஆம் ஆண்டில் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டுத் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. ஈப்போவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பப்பானில் அவர் வாழ்ந்த 74ஆம் எண் வீடு பிற்காலத்தில் நினைவு இல்லமாகப் பேணப்பட்டது. வானொலியை ஒளித்து வைத்த குழி, மாடிப்படியின் கீழே, ஒரு சிறுவன் குனிந்து கைநீட்டினால் எட்டும் இடத்தில் இருந்தது.